கோட்டை முகவரி

எங்கிருந்து வருகிறாய் என்று மட்டும் கேட்டுவிடாதே... வேறு எதை வேண்டுமானாலும் கேள்.

சியோரி மனதுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தாள். மழைக்கு ஒதுங்கிய இடம் அப்படி. ஓகினோ கோட்டையின் பெரிய வாசல். கூரை விளிம்பிலிருந்து தண்ணீர் திரையாக இறங்கிக்கொண்டிருந்தது. அந்தத் திரைக்கு உள்ளே, தூணுக்கும் தூணுக்கும் இடையில் நடை போட்டுக்கொண்டிருந்தான் ஒரு போர்வீரன். தலையில் கொம்பு வைத்த இரும்புத் தொப்பி, மூக்குவரை மறைத்த முகமூடி, இடுப்பில் வாள். கோட்டையைப் பார்க்க வருகிறவர்களை மகிழ்விக்கச் சம்பளம் கொடுத்து நிறுத்தியிருக்கும் குழுவில் ஒருவன். வாசலுக்கு உள்ளே இருக்கும்வரை அவர்கள் நானூறு வருடத்துக்கு முந்தைய மனிதர்கள். அப்படித்தான் பேச வேண்டும், சொந்தப் பெயரைச் சொல்லக் கூடாது. யாரைப் பார்த்தாலும் அவர்களுடைய முதல் கேள்வி ஒன்றுதான்.

"மழைக்கு அஞ்சி ஓடிவந்த நங்கையே! நீர் எந்த நாட்டிலிருந்து வருகின்றீர்?"

கேட்டுவிட்டான்.

வெளியூர்க்காரர்கள் இந்தக் கேள்விக்குச் சிரிப்பார்கள். ஒசாகா என்பார்கள், நகோயா என்பார்கள். வீரன் அந்தந்த ஊரின் பழைய பெயரைச் சொல்லிப் புகழ்வான். படம் எடுத்துக்கொண்டு போவார்கள். இதே நகரத்தில் பிறந்து வளர்ந்த சியோரிக்கு அது விளையாட்டுக் கேள்வி இல்லை. ஆற்றுக்கு அக்கரை என்று சொன்னால் போதும், இங்கே எவருக்கும் மேற்கொண்டு விளக்கம் தேவைப்படாது. தோல் பதனிடுகிறவர்களின் குடியிருப்பு. செத்த மாட்டைத் தொடுகிறவர்கள் என்று கோட்டைக்காரர்கள் ஒதுக்கி வைத்த கரை. சட்டம் மாறி எத்தனையோ தலைமுறை ஆகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் எல்லோரும் சமம்... வேலையில் எல்லோரும் சமம்... கல்யாணப் பேச்சு எடுக்கும்போது மட்டும் யாராவது ஒருவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "வீடு எந்தப் பக்கம்?" என்பார்.

"ஸ்டேஷன் பக்கத்துல இருந்து வரேன்" என்றாள். வேலை பார்க்கும் இடம் அதுதான். பொய் இல்லை.

"ஆகா, ஸ்டேஷன் நாடு! இரும்புக் குதிரைகள் இளைப்பாறும் திருநாடு அல்லவா!"

சிரிக்கக் கூடாது என்றுதான் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். முடியவில்லை.

அவன் ஊக்கம் பெற்றவனாக மழைப் பக்கம் திரும்பினான். "அதோ, அந்த மூதாட்டியார் நனைகின்றாரே! அம்மையே, இவ்விடம் வாருங்கள்!"

சியோரி எட்டிப் பார்த்தாள். "அது பாட்டி இல்லைங்க. குடை மாட்டி வைக்கிற ஸ்டாண்டு."

வீரன் கண்ணை இடுக்கிக்கொண்டு மறுபடியும் பார்த்தான்.

"கண்ணு சுத்தமா தெரியலை, இல்ல?"

"எம் காலத்தில் மூக்குக்கண்ணாடி கிடையாது, நங்கையே."

"நான் கண்ணாடிக் கடையிலதான் வேலை செய்யறேன். உங்களுக்கு லென்ஸ் போதும். உள்ள போட்டுக்கிட்டா வெளியில தெரியாது. உங்க எதிரி நாட்டு ஒற்றனுக்குக்கூடத் தெரியாது."

தன் பெயர் போட்ட கடை அட்டையை நீட்டினாள். அதைப் படிக்க அவன் குனிந்தபோது முதன்முதலாக அந்தக் கண்களைக் கிட்டத்தில் பார்த்தாள். தொப்பிக்கும் முகமூடிக்கும் நடுவே கிடைத்த சின்ன இடைவெளியில் இரண்டு கண்கள் மட்டும்... இமை நனைந்து, எதையோ தொலைத்துவிட்டுத் தேடுவதுபோல. கிட்டப்பார்வைக்காரர்களின் பார்வையே அப்படித்தான் என்று அவளுக்குத் தெரியும். தினமும் அப்படிப் பத்துக் கண்களைப் பார்க்கிறவள். தெரிந்து என்ன? நெஞ்சுக்குள் ஏதோ நழுவி விழுந்தது.

இன்னொன்றும் இருந்தது. அவன் கவசத்தின் வார்கள் மழையில் ஊறியிருந்தன. ஈரத் தோலின் வாசனை. அப்பாவின் சட்டையில் வருவது, வீட்டு வாசற்படியில் வருவது. பள்ளிக்கூடத்தில் பக்கத்து இருக்கைப் பெண் மூக்கைப் பொத்திக்கொண்டதும் இதே வாசனைக்குத்தான். அதை இவன் மார்பில் கட்டிக்கொண்டு ராஜா மாதிரி நிற்கிறான்...

மழை விட்டதும் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

அடுத்த வாரம் கடைக்கு ஒருவன் வந்தான். சாம்பல் நிறச் சட்டை, கலைந்த முடி, ஒடிசலான உடம்பு. கதவருகே நின்ற ஆள் உயர விளம்பர அட்டைப் பொம்மைக்குத் தலைவணங்கி, "இங்க சியோரின்னு..." என்று ஆரம்பித்தான். கண்ணை வைத்தே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"இங்க இருக்கேன். அது அட்டை."

காது வரை சிவந்துபோனான். பெயர் ஷுன்சுகே. வாசலுக்கு வெளியே அவனிடம் வீரம் எதுவும் இல்லை. வாக்கியத்தை முடிக்கத் தெரியாதவனாக இருந்தான்.

இயந்திரத்தில் முகவாயை வைக்கச் சொன்னாள்.

"நேரா பாருங்க. ரோடு ஒண்ணு தெரியுதா? கடைசியில ஒரு பலூன் இருக்கும்."

"மங்கலா இருக்கு."

"கொஞ்சம் பொறுங்க. தெளிவாயிடும்."

"தெளிவாயிடுச்சு..." என்றான். பலூனைப் பற்றிப் பேசும் குரலாக அது இல்லை.

லென்ஸ் வாங்கினான். பிறகு வீட்டில் போட்டுக்கொள்ள ஒரு கண்ணாடி. பிறகு அந்தக் கண்ணாடி மூக்கில் அழுத்துகிறது என்று வந்தான். வலது பக்கம் தாழ்ந்திருக்கிறது என்று வந்தான். உடன் வேலை பார்க்கும் மதோகா ஃப்ரேம்களைத் துடைத்தபடியே கேட்டாள்:

"அக்கா, அந்த ஆளுக்கு மூக்கு சரியில்லையா, மனசு சரியில்லையா?"

"வேலையைப் பாரு."

"பார்த்துக்கிட்டுதான் இருக்கேன். நீங்கதான் அரை மணி நேரமா ஒரே ஸ்க்ரூவை முடுக்கறீங்க."

கோடை முழுவதும் அப்படியே போயிற்று. அவன் வேலை முடிந்து வரும் வழியில் அவள் காத்திருப்பாள். கோட்டை அகழியை ஒட்டிய நடைபாதையில் நடப்பார்கள். ஸ்டேஷன் எதிரே குளிர்ந்த நூடுல்ஸ் சாப்பிடுவார்கள். எல்லோரும் சத்தமாக உறிஞ்சும் இடத்தில் அவன் மட்டும் சத்தமில்லாமல் உறிஞ்சுவதைப் பார்த்து, "என்ன, ராஜ குடும்பமா?" என்று கேலி செய்வாள். "அம்மா அப்படி வளர்த்துட்டாங்க" என்பான். அந்த அம்மா பேச்சில் வந்துகொண்டே இருந்தாள். அவன் குடும்பத்து முன்னோர் ஒருவர் உண்மையாகவே அந்தக் கோட்டையில் காவல் இருந்தவராம். மகன் காசுக்கு வேஷம் கட்டுகிறான் என்று அம்மாவுக்கு வருத்தம். ஆனாலும் கோட்டைக்குள் நிற்கிறான் என்பதில் ஒரு சமாதானம்.

ஒவ்வொரு முறையும், வீடு எங்கே என்ற கேள்வி வருவதற்குள் சியோரி பஸ் ஏறிவிடுவாள். ஒரு நிறுத்தம் முன்னதாகவே இறங்கிப் பாலத்தை நடந்து கடப்பாள். இப்படி ஓடுவது யாருக்காக என்று தன்னையே கேட்டுக்கொள்வாள். அவன் நல்லவன் என்று தோன்றத் தோன்றப் பயம்தான் கூடியது. கெட்டவனிடம் சொல்லிவிடலாம். அவன் முகம் மாறினால் இழப்பு ஒன்றும் இல்லை. இவன் முகம் மாறினால்...

இலையுதிர்காலத்தில், அவனுடைய விடுமுறை நாளில், கோட்டைக்குள் கூட்டிக்கொண்டு போவதாகச் சொன்னான். வீட்டில் அப்பாவிடம் கோட்டைக்குப் போகிறேன் என்று மட்டும் சொன்னாள்.

அப்பா தோல் சுரண்டும் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். "கோட்டைக்கா? மேல கவசத்தை எல்லாம் கண்ணாடிக்குள்ள வெச்சிருப்பான். அதுல பாதி தோலு. யாரு பண்ணின தோலுன்னு ஏதாவது எழுதியிருக்கானான்னு பார்த்துட்டு வா."

"எழுதியிருந்தா?"

"எழுதியிருந்தா நானும் டிக்கெட் வாங்கறேன்."

கோட்டைக்குள் இருவரும் செருப்பைக் கழற்றிப் பையில் போட்டுக் கையில் பிடித்துக்கொண்டு ஏறினார்கள். பழைய கோட்டை எரிந்துபோனபின் சிமென்டில் கட்டி, மேலே மரப்பலகை ஒட்டிய கோட்டை அது. மூலையில் லிஃப்ட் இருந்தது. "எதிரி வந்தா இதுலயே ஏறி வந்துடுவானே!" என்றாள். "ரெண்டு மாடிக்கு ஒருக்கா ரிப்பேர் ஆகி நிக்கும். அதுதான் எங்க தற்காப்பு" என்றான். வாசலுக்கு உள்ளேயே அவன் சொந்தக் குரலில் பேசியது அன்றுதான். அந்தக் குரல் அவளுக்குப் பிடித்திருந்தது. வலிக்கிற அளவுக்குப் பிடித்திருந்தது.

மூன்றாவது மாடியில், கண்ணாடிப் பெட்டிக்குள், பழைய நகரத்தின் சிறிய மாதிரி வடிவம் இருந்தது. விரல் நகம் அளவு வீடுகள். ஒவ்வொரு கூரைக்கும் ஓடு. ஒவ்வொரு பாலத்துக்கும் கைப்பிடி. கோயில் குளத்தில் வாத்துகூட மிதந்தது.

ஷுன்சுகே குழந்தைபோலக் குனிந்தான். "இதோ, இதுதான் எங்க வீடு. இப்போ அங்க கார் நிறுத்தற இடம். இது ஸ்டேஷன் வந்த இடம், உங்க நாடு! சரி, உங்க வீடு எங்க இருக்கும்?"

சொல்லிவிடு, என்றது மனம். இன்றைக்கு இல்லையென்றால் என்றைக்கும் இல்லை.

அவள் விரல் கண்ணாடியின்மேல் மெல்ல நகர்ந்தது. அரிசிக் கிடங்கைத் தாண்டி, பாலத்தைத் தாண்டி... ஆற்றின் அந்தப் பக்கத்தில் நின்றது.

"அங்க வெறும் புல்லுதானே இருக்கு?"

"அங்கதான்."

பச்சைத் தூள் தூவிய சமவெளி. ஒரு குடிசை இல்லை. காயப் போட்ட ஒரு தோல் இல்லை. எரிந்துபோன கோட்டையை ஓடு ஓடாகத் திரும்பக் கட்டியவர்கள், எரியாமல் இருந்த ஒரு கரையைப் புல்லாக்கிவிட்டார்கள். ஐந்தாம் வகுப்பில் பள்ளியோடு வந்தபோதே அவள் இதைப் பார்த்திருக்கிறாள். வீட்டுக்கு வந்து சொல்லவில்லை.

அவனுக்குப் புரிந்துவிட்டது. இந்த ஊர்க்காரன்தானே. லென்ஸ் போட்ட அந்தக் கண்கள் அவளைத் தெளிவாகப் பார்த்தன. பிறகு அவன் திரும்பி, படிக்கட்டில் யாராவது வருகிறார்களா என்று பார்த்தான்.

"எனக்கு அதெல்லாம் ஒண்ணுமே இல்ல, சியோரி" என்றான். குரலைத் தாழ்த்திக்கொண்டு.

ஒன்றுமே இல்லை என்றால் எதற்குக் குரலைத் தாழ்த்துகிறாய்? கேட்கவில்லை. கேட்டிருந்தால் அப்போதே முடிந்திருக்கும். முடிய வேண்டாம் என்று அவளும்தான் ஆசைப்பட்டாள். தலையை ஆட்டினாள். அவன் அவள் கையைப் பிடித்தான். அந்தப் பிடி உண்மையானது. அதில் மட்டும் அவளுக்குச் சந்தேகம் இல்லை. மேல்மாடியில் கவசங்களின் எதிரே நின்றார்கள். பட்டு நூலைப் பற்றி எழுதியிருந்தது, இரும்பைப் பற்றி எழுதியிருந்தது. அப்பா டிக்கெட் வாங்க வேண்டியிருக்காது.

அதன்பிறகு சில நாட்கள் அவனிடமிருந்து ஒரு வார்த்தையும் வரவில்லை. வேலை அதிகம் என்று பிறகு சொன்னான். மதோகா கேலி செய்வதை நிறுத்திவிட்டாள்.

கோட்டை வளாகத்து கிங்கோ மரங்கள் மஞ்சளாகி உதிரத் தொடங்கியபோது, வரச்சொல்லிச் செய்தி அனுப்பினான். மதிய இடைவேளை. கற்சுவரின் பின்புறம், காசு போட்டால் காபி டப்பா தரும் இயந்திரத்தின் அருகில் ஒரு பெஞ்சு. முழுக் கவசத்தில் நின்றான். முகமூடியைக் கழற்றியிருந்தான். சூடான காபி டப்பா ஒன்றை அவள் கையில் கொடுத்துவிட்டுச் சட்டென்று ஒற்றை முழங்காலில் அமர்ந்தான். கவசத் தகடுகள் கலகலத்தன.

"நங்கையே... யாம் எத்தனையோ போர் கண்டோம். ஆயின், உம் முன்னே நிற்கும் துணிவு மட்டும் எமக்கு வாய்க்கவில்லை. உம்மையன்றி இவ்வுலகில் வேறொருத்தியை யாம் அறியோம். எம் இல்லத்துக்கு ஒளியாக வருவீரா?"

இரண்டு வயதான பெண்கள் தூரத்தில் நின்று கைதட்டினார்கள். சியோரியின் கண்கள் நிறைந்தன. இந்த ஒரு வார்த்தைக்காக முப்பத்திரண்டு வயதுவரை... சரி என்று சொல்ல வாய் திறந்தது.

அவன் எழுந்து பெஞ்சில் உட்கார்ந்தான். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். இப்போது அது ஷுன்சுகேயின் குரல்.

"ஒரே ஒரு விஷயம். உங்க பூர்வீக முகவரி, அதான் அரசாங்கக் குடும்பப் பதிவுல இருக்கறது... அதைக் கொஞ்சம் மாத்திடலாமா?"

"எங்க மாத்தறது?"

"இங்கதான். இந்தக் கோட்டைக்கு." உற்சாகமாகச் சொல்ல முயன்றான். "சட்டத்துல இடம் இருக்கு. எந்த முகவரி வேணா போட்டுக்கலாம். எத்தனை ஜோடிங்க ஆசையா கோட்டை முகவரியைப் போட்டுக்கறாங்க தெரியுமா? நம்ம பதிவு கோட்டையில இருக்கும். ராஜா ராணி மாதிரி."

"கல்யாணம் ஆனா எப்படியும் நமக்குப் புதுப் பதிவு எழுதுவாங்க. அப்பப் போட்டுக்கலாமே. இப்ப எதுக்கு?"

அவன் தொப்பியின் கொம்பைத் துடைத்தான்.

"அம்மா விசாரிப்பாங்க. மாமாவுக்குத் தெரிஞ்ச ஆள் ஒருத்தர் இருக்கார்... இதையெல்லாம் தேடிக் கொடுக்கறவர். தப்புதான். தப்புன்னு எனக்கும் தெரியும். ஆனா அம்மா அந்தக் காலத்து மனுஷி. கல்யாணம் முடியற வரைக்கும்தான். உங்க அப்பா தொழிலைக் கேட்டா, கைப்பை வியாபாரம்னு..."

காபி டப்பா கையில் சுட்டுக்கொண்டிருந்தது. சியோரிக்கு அக்கா யோஷினோவின் நினைவு வந்தது. அக்கா இதைத்தான் செய்தாள். முகவரியை மாற்றினாள், யோகொஹாமாவில் நல்ல இடத்தில் கல்யாணம் செய்துகொண்டாள். கல்யாணத்துக்கு அம்மா அப்பா உடல்நலம் சரியில்லாததால் வரவில்லை என்று மாப்பிள்ளை வீட்டில் சொன்னாள். கல்யாணம் முடியும்வரைதான் என்றுதான் அவளும் சொன்னாள். பிறகு குழந்தை பிறக்கும்வரை. பிறகு குழந்தை பள்ளியில் சேரும்வரை. புத்தாண்டுக்கு அக்காவிடமிருந்து போன் வரும். பேரனின் குரல் பின்னால் கேட்கும். "யாரும்மா போன்ல?" என்பான். "கடைக்காரங்கப்பா" என்பாள் அக்கா. அப்பா ரிசீவரைக் காதிலிருந்து எடுக்காமல், கடைக்காரரைப்போல, "நன்றிங்க, மறுபடியும் வாங்க" என்பார்.

"ஷுன்சுகே."

"சொல்லுங்க."

"முன்னாடி சொன்னீங்களே... ரொம்ப அழகா இருந்துச்சு. இப்ப சொன்னதையும் அதே மாதிரி சொல்லுங்களேன். அந்தக் காலத்துப் பேச்சுல."

அவன் புரியாமல் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. அவன் வாய் திறந்தான். "நங்கையே, உம்..." என்று ஆரம்பித்தான். மேலே வரவில்லை. உதிர்ந்த இலை ஒன்று அவன் தோள் தகட்டில் விழுந்து ஒட்டிக்கொண்டது. அவன் கண்களில் நீர் கோத்தது.

"என்னைக் கோழைன்னு நினைக்கறீங்க."

"இல்லை." அவள் உண்மையைத்தான் சொன்னாள். கோழை என்று நினைக்க முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். இவன் அவளை நேசிக்கிறான். அவளை ஒளித்து வைக்கும் அளவுக்கு நேசிக்கிறான். தன் அம்மாவிடமிருந்து, மாமாவிடமிருந்து, கொஞ்சம் தன்னிடமிருந்தும். வாழ்நாள் முழுவதும் நன்றாகவே வைத்துக்கொள்வான். யாராவது அக்கரையைப் பற்றிப் பேசினால் பேச்சை மாற்றுவான். மேசைக்கு அடியில் அவள் கையை அழுத்துவான். அவளும் ஒவ்வொரு தடவையும் நன்றியோடு தலையை ஆட்டுவாள்...

அந்தத் தலையாட்டலை நினைத்தபோதுதான் அவளுக்குக் குளிர்ந்தது.

"எனக்கும் உங்களைத்தான் பிடிச்சிருக்கு" என்றாள். "குடை ஸ்டாண்டைப் பாட்டின்னு கூப்பிட்ட அன்னிலேர்ந்தே. இதைச் சொல்லாம போகக் கூடாது."

"அப்போ... அப்போ பிரச்சினையே இல்லையே! யோசிச்சுப் பாருங்க. அவசரம் இல்ல. இந்த மாசக் கடைசிக்குள்ள..."

வாசல் பக்கமிருந்து சங்கு ஊதும் ஒலி வந்தது. அடுத்த காட்சிக்கு வீரர்களை அழைக்கிறார்கள். அவன் எழவில்லை. எழ வேண்டும் என்று முதுகு நிமிர்ந்தது மட்டும் அவளுக்குத் தெரிந்தது.

"போங்க, கூப்பிடறாங்க."

"வெறும் முகவரிதானே, சியோரி..." அவன் குரல் உடைந்தது. "காகிதத்துல இருக்கற ஒரு முகவரி. அதுக்காகவா?"

அவள் எழுந்து நின்று, திறக்காத காபி டப்பாவை அவன் பக்கத்தில் பெஞ்சின் மேல் வைத்தாள். இடுப்புவரை குனிந்து வணங்கினாள்.

"ஆமா, வெறும் முகவரிதான்" என்றாள் மெதுவாக. "அது இருக்கற இடத்துலயே இருக்கட்டும்."